இரட்டைக் காவல்

நவம்பர் மாதத்தில் குன்னூர் ஜன்னல்கள் எதையும் காட்டுவதில்லை. உள்ளே பிள்ளைகள் மூச்சுவிட்டு மூச்சுவிட்டுக் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. வெளியே மேகம் வந்து சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றது. வெளிப்பக்கத்தை நான் கைக்குட்டையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன், பயனில்லை. நல்ல வேளையாக உள்ளிருந்த ஏதோ ஒரு பொடியன், முந்தைய சுற்றில் சீக்கிரம் தோற்றோ ஜெயித்தோ சும்மா இருந்தவன், ஸ்வெட்டர் கையால் ஓர் உள்ளங்கை அகலத்துக்குத் துடைத்து வைத்திருந்தான். அந்த இடைவெளி வழியாக மூன்று பலகைகள் தெரிந்தன. நடுப்பலகையில் என் மகன்.

மாவட்ட அளவிலான 13 வயதுக்குட்பட்டோர் சதுரங்கப் போட்டி. ஒரு பள்ளிக்கூட அரங்கில் சனி, ஞாயிறு இரண்டு நாள், ஐந்து சுற்று. ஆளுக்கு 60 நிமிடம், ஒவ்வொரு நகர்வுக்கும் 30 விநாடி கூடுதல். பெற்றோர் உள்ளே வரக் கூடாது. அது நியாயமான விதிதான். முதல் நாள் காலை வாசலைத் திறந்து வைத்திருந்தபோது ஒரு தகப்பனார் பத்தடி தூரத்திலிருந்து மூக்கைச் சொறிந்து காட்டியதையும், அவர் பெண் உடனே குதிரையை நகர்த்தியதையும் நானே பார்த்தேன். அதற்குப் பிறகுதான் கதவைச் சாத்தினார்கள். மூக்கைச் சொறிந்தால் குதிரையா என்று நாங்கள் மற்றவர்கள் தேநீர்க் கடையில் ஆராய்ச்சி செய்தோம்.

என்னுடன் அந்த ஜன்னலைப் பங்கிட்டுக்கொண்டவர் ஒரு பெரியவர். குரங்குக் குல்லாய், கம்பளிப் போர்வை, வேட்டிக்கு மேலே மழைக்கோட்டு. துடைத்த இடம் ஒரு கண்ணுக்குத்தான் போதும் என்பதால் முறை வைத்துப் பார்த்தோம். அரை மணி நேரம் கழித்துத்தான் இரண்டு பேரும் ஒரே பலகையைப் பார்க்கிறோம் என்று தெரிந்தது. என் மகனுக்கு எதிரில் உட்கார்ந்திருந்த, இரட்டைச் சடையை மப்ளருக்குள் திணித்திருந்த பெண் அவருடைய பேத்தி.

பந்தலூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்தார்கள். அங்கிருந்து கூடலூர், நடுவட்டம், ஊட்டி என்று பஸ் மாறிக் குன்னூர் வருவதற்குள் பாதி நாள் போய்விடும் என்பதால், வெள்ளிக்கிழமையே புறப்பட்டு ஒரு தோட்ட லைனில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தார்கள். பெரியவர் பிறந்தது இலங்கையில், நுவரெலியாப் பக்கம். 1964ஆம் ஆண்டு சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களில் ஒருவர். தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு, அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை கொடுக்கிறார்கள் என்று இந்த மலைக்கு வந்திருக்கிறார். "அங்கேயும் இதே குளிர், இதே கொழுந்து, தம்பி. பாஷைகூட மாறவில்லை. பெயர்ப்பலகைதான் மாறியது" என்றார். நான் கோத்தகிரியில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறவன். பச்சைத் தேயிலை விலையைப் பற்றிப் பேச்சு வந்ததும் இருவருக்கும் வாய் நிற்கவில்லை. மழைக் காலத்தில் கொழுந்து நனைந்திருக்கிறது என்று எடையில் கழிக்கும் வழக்கத்தைப் பற்றி அவர் சொன்ன இரண்டு வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. கழிக்கிற தரப்பில் இருக்கிறவன் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.

அவருக்குச் சதுரங்கம் சுத்தமாகத் தெரியாது. ஆனால் ஆட்டத்தை என்னைவிட நன்றாகத் தெரிந்துகொண்டார். "கால் ஆடினால் நல்லபடியாகப் போகிறது. காலை நாற்காலி மேல் மடக்கிக்கொண்டால் இக்கட்டு. இப்போது பாருங்கள், மடக்கிவிட்டாள்" என்றார். அப்போது மணி மூன்று இருக்கும்.

எனக்குச் சதுரங்கம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தெரிந்ததெல்லாம் காய் நகர்த்துவதுதான். 2022இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தபோது சென்னையில் நேப்பியர் பாலத்துக்குக் கறுப்பு வெள்ளைக் கட்டம் அடித்தார்கள் அல்லவா, அந்தப் படத்தைச் செய்தித்தாளில் பார்த்துவிட்டுத்தான் என் மகன் பலகை கேட்டான். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன் ஆனபோது, கோத்தகிரியில்கூடத் திடீரென்று எல்லார் வீட்டிலும் ஒரு குகேஷ் இருந்தான். என் வீட்டிலும் இருந்தான். அந்தப் போட்டியின் பதினான்காவது ஆட்டத்தில், அதுவரை சாம்பியனாக இருந்த சீனாவின் டிங் லிரன் 55ஆவது நகர்வில் யானையை மாற்றிக்கொள்ள முன்வந்ததையும், அவருடைய மந்திரி மூலையில் மாட்டிக்கொண்டிருந்ததால் அதையும் மாற்றிக்கொள்ள நேர்ந்து, சிப்பாய்கள் மட்டும் மிஞ்சிய ஆட்டத்தில் தோற்றதையும் என் மகன் எனக்குப் பத்துத் தடவையாவது ஆடிக் காட்டியிருப்பான். பத்துத் தடவையும் தலையாட்டினேன்.

ஆட்டத்தின் முதல் பாதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், அதில் பெரிதாக ஒன்றுமில்லை. மகனுக்கு வெள்ளைக் காய். வழக்கம்போல் ராஜா முன் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி, மந்திரியை வெளியே கொண்டுவந்து, கோட்டை கட்டிக்கொண்டான். அவளும் கட்டினாள். இருபது நகர்வு வரை ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டதுதான் மிச்சம்.

அப்புறம்தான் அந்தக் குளிர் சமாச்சாரம். இந்த மலையில் நவம்பரில் சதுரங்கம் ஆடுகிற பிள்ளைகளுக்கு எதிரி இரண்டு பேர். பால்பாயின்ட் பேனா எழுதாது, உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்துக் கடைந்தால்தான் மை இறங்கும். நகர்வுகளை எழுதியே தீர வேண்டும் என்பதால் ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு கடைசல். கையுறை போட்டால் காய் வழுக்குகிறது, போடாவிட்டால் விரல் மரத்துப் போகிறது. அந்தப் பெண் மந்திரியை எடுக்கப் போன கை, பக்கத்திலிருந்த யானையின் தலையைத் தொட்டது. தொட்ட காயை ஆட வேண்டும். என் மகன் கையைத் தூக்கிவிட்டான்.

ஜன்னலிலிருந்து எனக்குத் தெரிந்தது அந்தத் தூக்கிய கை மட்டும். நடுவர் வந்து குனிவதும், பெண் ஏதோ சொல்வதும், நடுவர் போவதும் தெரிந்தது. பிறகு மகன் சொல்லித்தான் விவரம் தெரியும். வேண்டுமென்றே தொட்டால்தான் அந்த விதி, தவறிப் பட்டால் கிடையாது. "விரல் பட்டுவிட்டதா, எடுக்கத்தான் போனாயா?" என்று நடுவர் கேட்டிருக்கிறார். பட்டுவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்தது. அவள் கொஞ்ச நேரம் யானையைப் பார்த்துவிட்டு, "எடுக்கலாமா என்று நினைத்துத்தான் தொட்டேன்" என்றாளாம். யானையை ஆடினாள். ஒரு சிப்பாய் போனது. அப்போதுதான் காலை மடக்கியிருக்கிறாள்.

நான் உள்ளுக்குள் மகிழ்ந்தேன். மறைப்பானேன்.

அந்த ஒரு சிப்பாய் இரண்டானது. ராணிகள் வெட்டிக்கொண்டன, யானைகள் வெட்டிக்கொண்டன. மணி நாலு ஆனபோது வெள்ளையிடம் ராஜா, ஒரு மந்திரி, இரண்டு சிப்பாய். அவளிடம் ராஜாவும் ஒற்றைக் குதிரையும். சட்டைப் பையில் வைத்திருந்த வர்க்கியை எடுத்துப் பெரியவருக்குப் பாதி உடைத்துக் கொடுத்தேன். ஜெயித்துக்கொண்டிருக்கிறவனுடைய பெருந்தன்மை. அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வாங்கினார். "காலைக் கீழே இறக்கிவிட்டாளே" என்றார். நான் எட்டிப் பார்த்தேன். ஆமாம், இறக்கியிருந்தாள். ஆடவில்லை, ஆனால் தரையில் இருந்தது. நான் அதைப் பொருட்படுத்தவில்லை.

இனி நான் சொல்வது ஜன்னலில் பார்த்ததல்ல, மகன் நகர்வுகளை எழுதிய ஸ்கோர் ஷீட்டில் இரவு படித்தது. அதில் பலகையின் நெடுக்கு வரிசைகளுக்கு ஏ முதல் ஹெச் வரை எழுத்து, வெள்ளைப் பக்கத்திலிருந்து எண்ணும் குறுக்கு வரிசைகளுக்கு 1 முதல் 8 வரை எண், இரண்டும் சேர்ந்தது கட்டத்தின் பெயர்.

வெள்ளை ராஜா எஃப்4இல். மந்திரி இ4இல். சிப்பாய்கள் ஜி4, ஹெச்4. கறுப்பு ராஜா ஜி7இல் நிற்கிறது. குதிரை டி7இலிருந்து எஃப்6க்கு வந்து மந்திரியையும் ஜி4 சிப்பாயையும் ஒருசேரக் குறிவைக்கிறது. பார்த்தால் பயமுறுத்தல் போலத்தான் இருக்கும், ஏனென்றால் இரண்டுக்கும் பக்கத்திலேயே ராஜா காவல் நிற்கிறார். என் மகன் நான்கு நிமிடம் யோசித்திருக்கிறான். ஜி சிப்பாயை ஒரு கட்டம் முன்னே தள்ளிக் குதிரையை விரட்டியிருந்தால் இரண்டு சிப்பாயும் கைகோத்துக்கொண்டு நடந்திருக்கும். அவன் அதைச் செய்யவில்லை. மந்திரியை எஃப்3க்குப் பின்வாங்கினான். காரணம் கேட்டால் சொல்வான்: ஜி4க்கு இரட்டைக் காவல். ராஜாவும் பார்த்துக்கொள்வார், மந்திரியும் பார்த்துக்கொள்வார். ஒரு தகப்பனாக எனக்கு இந்த நகர்வு மிகவும் பிடித்திருந்தது. நானும் அதைத்தான் ஆடியிருப்பேன்.

58ஆவது நகர்வில் குதிரை அந்த இரட்டைக் காவல் போட்ட சிப்பாயைத் தின்றது.

காகிதத்தில் படிக்கும்போது முதலில் மகன் தப்பாக எழுதிவிட்டான் என்றுதான் நினைத்தேன். தன்னிடம் மிஞ்சிய ஒரே காயை ஒரு சிப்பாய்க்காக யாராவது கொடுப்பார்களா? அவன் மந்திரியால் குதிரையை வெட்டினான். அவள் ராஜாவை ஜி7இலிருந்து ஹெச்8க்கு, மூலைக்கு, நகர்த்தினாள். அவ்வளவுதான். ஆட்டம் முடிந்துவிட்டது, ஆனால் அரங்கில் அது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

ஏன் என்று சொல்கிறேன். மந்திரி குறுக்காக மட்டுமே நகர்கிறவர். வெள்ளைக் கட்டத்தில் பிறந்தவர் சாகும்வரை வெள்ளைக் கட்டத்தில்தான், 64 கட்டத்தில் 32 அவருக்குக் கிடையவே கிடையாது. என் மகனிடம் மிஞ்சியவர் வெள்ளைக் கட்டத்து மந்திரி. மிஞ்சிய சிப்பாயோ ஹெச் வரிசைக்காரன், பலகையின் ஓரத்தில் போகிறவன். எதிர்க் கோடியை எட்டும் சிப்பாய் ராணியாக மாறலாம். அவன் அப்படி ராணியாக வேண்டிய கட்டம் ஹெச்8, அது கறுப்பு. அந்தக் கறுப்பு மூலையில் எதிரி ராஜா போய் உட்கார்ந்துவிட்டால் மந்திரியால் அவரைக் கிளப்ப முடியாது. நெருக்கினால் நகர இடமில்லாமல் போகும், ஆனால் செக்கும் இருக்காது. அதுதான் ஸ்டேல்மேட், ஆட்டம் சமன். நெருக்காமல் விட்டால் மூலைக்கும் பக்கத்துக் கட்டத்துக்குமாக அவர் உலாத்திக்கொண்டே இருப்பார். ஒரு மந்திரி, ஒரு சிப்பாய் அதிகம் வைத்துக்கொண்டு ஜெயிக்க முடியாது. இதே மந்திரி கறுப்புக் கட்டக்காரராக இருந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் வெற்றி. சதுரங்கக்காரர்கள் இவரைத் 'தவறான மந்திரி' என்கிறார்கள். பாவம், அவர் என்ன தவறு செய்தார்.

இது 17ஆம் நூற்றாண்டிலேயே இத்தாலியச் சதுரங்க வல்லுநர் கிரேக்கோவுக்குத் தெரிந்த விஷயம். தெரிந்தும் கோட்டைவிட்டவர்கள் உண்டு. பிறகு தேடிப் படித்தபோது ஓர் ஆட்டம் கிடைத்தது, படித்துவிட்டு எழுந்து நடமாட வேண்டியதாகிவிட்டது. 1971, வான்கூவர். உலக சாம்பியனுடன் மோதப் போகிறவர் யார் என்று முடிவு செய்யும் சுற்றுகளில் ஒன்று. அமெரிக்கரான பாபி ஃபிஷரும் சோவியத் கிராண்ட்மாஸ்டர் மார்க் தைமானவும் ஆடிய இரண்டாவது ஆட்டம். கடைசியில் ஃபிஷரிடம் ஒரு மந்திரியும் ஹெச் வரிசைச் சிப்பாயும், தைமானவிடம் ஒற்றைக் குதிரை. மந்திரி இதே தவறான நிறம். குதிரை போனால் போகிறது என்று விட்டுவிட்டு ராஜாவை மூலைக்குக் கொண்டுபோனால் சமன். 81ஆவது நகர்வில் குதிரையை ஆட வேண்டிய இடத்தில் தைமானவ் ராஜாவை ஆடினார், தோற்றார். அந்தப் போட்டியையே ஆறுக்குப் பூஜ்யம் என்று தோற்றார். ஊர் திரும்பியதும் சோவியத் அரசு அவரைப் படுத்திய பாடு தனிக் கதை. மனிதர் மேடையில் பியானோ வாசிக்கிற அளவுக்கு இசைக் கலைஞரும்கூட. அவருக்கு அந்த நேரத்தில் கண்ணில் படாதது, குன்னூரில் மப்ளர் கட்டிய ஒரு ஏழாம் வகுப்புப் பெண்ணுக்குப் பட்டிருக்கிறது.

அவளுக்கு எப்படித் தெரிந்தது? பயிற்சியாளர் சொல்லிக்கொடுத்தாரா, புத்தகமா என்று பெரியவரிடம் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. அவளே சொன்னாள், ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டே: "போன வருடம் ஊட்டியில் என்னிடம்தான் மந்திரி இருந்தது, அங்கிள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அந்த அண்ணன் மூலையில் போய் உட்கார்ந்துகொண்டான். ஒரு வாரம் தூக்கமே வரவில்லை."

என் மகனும் உடனே விட்டுவிடவில்லை. ஸ்கோர் ஷீட்டில் அறுபது வரிதான். அறுபத்தொன்றாவது நகர்வுக்கு எழுந்து போய் நடுவரிடம் இரண்டாவது தாள் வாங்கி வந்ததை ஜன்னலிலிருந்து பார்த்தேன். வெற்றிக்குத் தாள் போதவில்லை என்றுதான் அப்போது நினைத்தேன். இரண்டாவது தாளில் கையெழுத்து மாறியிருக்கிறது. முதலில் எழுத்துகள் சாய்ந்து ஓடுகின்றன. அறுபத்தைந்துக்குப் பிறகு ஒவ்வொரு எழுத்தும் காகிதத்தை அழுத்திக் குழித்திருக்கிறது, பின்பக்கம் தடவினால் விரலில் தட்டுகிறது. மந்திரியை இங்கே வைத்துப் பார்த்திருக்கிறான், அங்கே வைத்துப் பார்த்திருக்கிறான். கறுப்புப் பத்தியில் ஹெச்8, ஜி8, ஹெச்8, ஜி8 என்று சுவர்க்கடிகாரப் பெண்டுலம் மாதிரி. 74ஆவது நகர்வில் சிப்பாயை ஹெச்7க்குத் தள்ளினான். ஸ்டேல்மேட். அதன் கீழே அரை, அரை. இரண்டு கையெழுத்து.

அந்த அரைப் புள்ளியின் கணக்கு இது. பெண் பிள்ளைகள் குறைவாக வந்ததால் எல்லாரையும் ஒரே பிரிவாக ஆடவைத்து, பட்டியலை மட்டும் பிரித்தார்கள். முதல் இரண்டு பையன்களும் முதல் இரண்டு பெண்களும் மாநிலப் போட்டிக்குப் போவார்கள். மூன்றரையோடு கடைசிச் சுற்றுக்கு வந்த என் மகன் நான்கில் நின்றான். இன்னொருவனுக்கும் நான்கு. எதிராளிகள் எடுத்த புள்ளிகளைக் கூட்டிப் பார்த்து மகனை மூன்றாமிடத்தில் வைத்தார்கள். மூன்றரை எடுத்த அந்தப் பெண் பெண்களில் முதலிடம். பெரியவருக்கு முடிவு புரிய நேரம் எடுத்தது. "ஜெயித்தாளா?" என்றார். இல்லை என்றேன். "தோற்றாளா?" இல்லை. "பிறகு கோப்பை கொடுக்கிறார்களே?" என்றார். கோத்தகிரி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். நேரம் ஆகியிருக்கவில்லை.

பஸ்ஸில் நான் பேசியதை முழுதும் எழுத மாட்டேன். கட்டபெட்டு வரும்வரை பேசினேன். இரண்டு சிப்பாய், ஒரு மந்திரி, அந்தப் பக்கம் ஒற்றைக் குதிரை, இதைக்கூட ஜெயிக்க முடியாதா, ஓசியில் வந்த சிப்பாயை வைத்துக்கொண்டு என்ன செய்தாய், வகுப்புக்கு மாதாமாதம் பணம் கட்டுவது எதற்கு. முன் சீட்டுக்காரர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். மகன் ஜன்னலோரம் உட்கார்ந்து ஸ்கோர் ஷீட்டை மடியில் விரித்துக் குனிந்துகொண்டிருந்தான். அழுகிறான் என்று நினைத்து, கொஞ்சம் குரலைத் தணித்துக்கொண்டேன். நிறுத்தவில்லை.

சாப்பிட்ட பிறகுதான் அந்தத் தாளைக் கேட்டு வாங்கினேன். 58ஆவது வரியில், கறுப்புப் பத்தியில், குதிரை ஜி4ஐத் தின்ற இடத்தில் பென்சிலால் இரண்டு ஆச்சரியக்குறி போட்டிருந்தது. சதுரங்கத்தில் மிகச் சிறந்த நகர்வுக்குத்தான் அப்படி இரண்டு போடுவார்கள். அவனுடைய 58ஆவது நகர்வுக்குப் பக்கத்தில், மந்திரி எஃப்3க்குப் போன இடத்தில், ஒரு கேள்விக்குறி. பென்சில் கோடு நடுங்கியிருந்தது, கொண்டை ஊசி வளைவில் எழுதினால் அப்படித்தான் வரும்.

"இதில் என்ன இருக்கிறது, ஜெயிக்க வழி இருக்கத்தான் வேண்டும்" என்றேன், வேறென்ன சொல்வதென்று தெரியாமல். அவன் உள்ளே போய்ப் பலகையை எடுத்துவந்தான். எங்கள் வீட்டுப் பலகையில் வெள்ளை மந்திரி ஒன்று தொலைந்து போய் இரண்டு வருடம் ஆகிறது, அதற்குப் பதில் ஓர் அழிரப்பர். எனக்கு ராஜாவும் அழிரப்பரும் ஹெச் வரிசைச் சிப்பாயும் கொடுத்தான். கறுப்பு ராஜாவை மூலையில் வைத்து எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தான்.

வடக்கே போனேன், தெற்கே போனேன், அழிரப்பரைப் பலகையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு இழுத்தேன். அவன் யோசிக்கவே இல்லை, மூலை, பக்கம், மூலை, பக்கம். மனைவி விளக்கை அணைக்கச் சொல்லி மூன்று தடவை கூப்பிட்டுவிட்டாள். பத்தரை மணிக்கு நானும் சிப்பாயை ஹெச்7க்குத் தள்ளினேன்.

"ஸ்டேல்மேட், அப்பா" என்று சொல்லிவிட்டுக் காய்களைப் பெட்டியில் போட்டான். அழிரப்பரை மட்டும் பென்சில் டப்பாவில் வைத்துக்கொண்டான், மறுநாள் பள்ளிக்கூடம் இருந்தது.